சைட் கல்லுக்கு நடுவே த்ரோபால்

கண்ணு,

கல்யாண வேலை இத்தனை கிடக்கும்போது அம்மா எதற்கு உட்கார்ந்து இவ்வளவு நீளமாக எழுதுகிறாள் என்று கேட்பாய். போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்ன ஒரு விஷயம்தான் காரணம். நீயும் நித்யாவும் குடிபோகப் போகிற பெங்களூரு அபார்ட்மென்டில் மொட்டை மாடியை பில்டர் பூட்டி வைத்திருக்கிறார், அதை ஏதோ ஹோட்டலுக்கு விடப் பார்க்கிறார், குடியிருக்கிறவர்கள் சங்கம் வைத்துச் சண்டை போடுகிறார்கள், உன்னையும் கூப்பிட்டார்கள் என்றாய். "நமக்கு எதுக்கும்மா அந்த வம்பு? நம்ம கதவுக்கு உள்ள நல்லா இருந்தா போதும்" என்று சொல்லிவிட்டு உடனே பந்தல்காரரைப் பற்றிக் கேட்டாய். நானும் பந்தல்காரரைப் பற்றியே பேசிப் போனை வைத்துவிட்டேன். ஆனால் நீ சொன்னது காதிலேயே நின்றுகொண்டிருக்கிறது. நீ ஜெர்மனியில் இருந்த காலத்தில் இங்கே நடந்ததை உன்னிடம் முழுசாகச் சொன்னதே இல்லை. 'பார்க் பிரச்சினை முடிஞ்சிடுச்சு' என்று ஒரு வரி சொன்னேன், நீயும் சரி என்றாய். நடக்கும்போதே சொல்லியிருந்தால் அங்கிருந்தபடியே பயந்து, தினமும் போன் போட்டு என்னை வீட்டுக்குள் உட்கார வைத்திருப்பாய். அதனால் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். என் வயதில் ஒரு பெண்பிள்ளை இவ்வளவு சிரிக்க முடியும் என்று எனக்கே தெரிந்தது அந்த நாட்களில்தான்.

நித்யாவும் இதைப் படிப்பாள், அதனால் உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். உன் அப்பா திருச்சிப் பக்கத்துக்காரர். இங்கே இருக்கிற பெரிய ஃபேக்டரிக்கு மெஷினிஸ்டாக வந்தவர். நான் இந்த ஊர்க்காரி. என் நைனா இங்கே இருந்த தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். கம்பெனி கட்டிக்கொடுத்த லைன் வீட்டில், பக்கத்து வீட்டில் யாராவது இருமினால் நம் வீட்டில் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடுகிற மாதிரியான இடத்தில் வளர்ந்தவள். சுரங்கம் மூடி எத்தனையோ வருஷம் ஆகியும் உன் மாமா குடும்பம் இன்னும் அந்த லைனில்தான் இருக்கிறது. அப்பா ரிட்டையர் ஆகிற சமயத்தில் லைனுக்குப் பக்கத்திலேயே ஒரு லேஅவுட் போட்டார்கள். போட்டவர் ஹரீஷ். முப்பத்தைந்து வயசு இருக்கும், தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். லேஅவுட்டின் பிளானை மேஜைமேல் விரித்து, கடைசித் தெருவுக்கும் லைன் பக்கத்து மதிலுக்கும் நடுவில் பச்சை அடித்திருந்த இடத்தைக் காட்டி, "இது பார்க் அங்கிள். காலையில வாக்கிங் போங்க, சாயங்காலம் பெஞ்ச்ல உக்காருங்க" என்றார். அந்தப் பச்சையைப் பார்த்துத்தான் அப்பா அதற்கு எதிரில் இருந்த சைட்டை, அதாவது வீட்டு மனையைப் பிடித்தார். வீடு நன்றாகவே அமைந்தது. பெஞ்சும் நடைபாதையும்தான் வரவில்லை. வெறும் புல்லும் முள்ளுமாகக் கிடந்தது. இருக்கட்டும், இடம் எங்கே ஓடிவிடப் போகிறது என்று எல்லாரும் சும்மா இருந்தோம்.

ஓடிவிடும் என்று ஒரு பொங்கல் முடிந்த வாரத்தில்தான் தெரிந்தது. காலையில் நடக்கப் போன அப்பா பாதியிலேயே திரும்பி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றார். "பார்க்ல கல்லு நட்டிருக்காங்க" என்றார். போய்ப் பார்த்தேன். முள்ளையெல்லாம் வெட்டி, தரையைச் சமன்படுத்தி, இடம் முழுக்க வெள்ளையடித்த சைட் கல் நட்டிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் சிவப்பில் நம்பர். நடுவில் சுண்ணாம்புக் கோடு போட்டு ரோடுகூட விட்டாயிற்று. பார்க்கைத் துண்டு போட்டு விற்கப் போகிறார்கள் என்று விளங்குவதற்கு யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"இன்னாங்க இது? பிளான்ல பார்க்குன்னு தானே கீது? கேக்க ஆளே இல்லையா?" என்றேன். அப்பா என் கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிப்போனார். "மெதுவா பேசு. நம்ம காத்தா இன்னும் வரல" என்றார். வீடு நம் பெயரில் இருக்கிறது என்று நகராட்சி கொடுக்கிற பதிவுக்கு இங்கே காத்தா என்று பெயர், நித்யாவுக்குத் தெரியாமல் இருக்கலாம். லேஅவுட்டில் முக்கால்வாசி வீட்டுக்கு அது வந்து சேரவில்லை. ஹரீஷ்தான் வாங்கித் தருவதாகச் சொல்லி எல்லாரையும் காக்க வைத்திருந்தார். அவரைப் பகைத்துக்கொண்டால் வீடே கைவிட்டுப் போய்விடும் என்று அப்பாவுக்குப் பயம். அந்தப் பயம் எங்கள் வீட்டில் மட்டும் இல்லை. எல்லா வீட்டிலும் பிளான் இருந்தது, பச்சை இடம் பார்க் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஆனாலும் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

சந்திரசேகர் சார் மட்டும் திறந்தார். ஃபேக்டரியில் ஆபீசராக இருந்தவர், நம் தெரு முனை வீடு. அவர்தான் ஓடியாடி குடியிருப்போர் சங்கத்தைப் பதிவு செய்தார், கோலாரில் இருக்கிற பிளானிங் ஆபீசுக்கு மனு எழுதினார். முதல் கூட்டம் அவர் வீட்டு போர்டிகோவில். வந்ததே கொஞ்சம் பேர். அதிலும் ஹரீஷின் கார் தெருவில் திரும்பியதும் பாதிப் பேர் பால் வாங்க வேண்டும் என்று எழுந்து போய்விட்டார்கள். சாயங்காலம் அத்தனை வீட்டுக்கும் பால் தீர்ந்துபோனது அன்றைக்குத்தான். நான் போகவில்லை, உட்கார்ந்திருந்தேன். என் பக்கத்தில் ஸ்டெல்லா உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரிதான், ஆனால் அதுவரை அவளிடம் நான் சரியாகப் பேசினதில்லை. பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். விடிவதற்குள் ரயிலுக்கு ஓடுவாள், பொழுது சாயும்போது வருவாள். "இன்னாக்கா, எல்லாரும் எழுந்து பூட்டாங்க?" என்று என் காதில் கேட்டாள். நாங்கள் இரண்டு பேரும் சிரித்ததில் சந்திரசேகர் சாருக்குக் கோபம் வந்துவிட்டது.

அதற்கு இரண்டு மூன்று நாள் கழித்து நான் அந்தக் கல்லுக்கு நடுவில் நின்று வயிறெரிந்துகொண்டிருந்தேன். ஸ்டெல்லாவின் பெண் தெருவில் பந்தை வைத்து ஆடிக்கொண்டிருந்தவள் ஓங்கித் தட்ட, பந்து என் தலைக்கு மேலே வந்தது. யோசிக்கவே இல்லை. இரண்டு கையாலும் பிடித்தேன், ஒரு கையால் தோளுக்கு மேலே கொண்டுபோய் விட்டேன். பந்து அந்தப் பெண்ணைத் தாண்டி, அவர்கள் வீட்டுக் கேட்டைத் தாண்டி, அப்போதுதான் வேலை முடிந்து வந்துகொண்டிருந்த ஸ்டெல்லாவின் காலடியில் போய் விழுந்தது. அவள் பையைக் கீழே போட்டுவிட்டு, "அக்கா! நீங்க த்ரோபால் ஆடுவீங்களா?" என்று கத்தினாள்.

ஆடுவேன் கண்ணு. உனக்கு இது தெரியாது. உன் அம்மா ஸ்கூல் டீமில் இருந்தவள். எங்கள் மேட்ச் இருக்கிற நாளில் நைனா ஷிஃப்ட் முடிந்து சுரங்கத்து லிஃப்டான கேஜில் மேலே வந்ததும் குளிக்கக்கூட மாட்டார். முகமெல்லாம் சாம்பல் பூசின மாதிரி தூசியோடு நேராக ஸ்கூல் கிரவுண்டுக்கு வந்து கோட்டுக்கு வெளியே நிற்பார். ஆட்டத்தின் விதி ஒன்றும் அவருக்குத் தெரியாது. பந்து எந்தப் பக்கம் போனாலும் "அட்றா என் பொண்ணு!" என்று கத்துவார். எதிர் டீம்காரி நன்றாக ஆடினாலும் அதே சத்தம்தான். கல்யாணத்துக்குப் பிறகு பந்தைத் தொடவில்லை. யாரும் தடுக்கவில்லை, எந்த வருத்தமும் இல்லை. ஆடுவதற்கு ஒரு இடமும் ஆளும் அமையவில்லை, அவ்வளவுதான். அன்று பந்து கையில் வந்து உட்கார்ந்தபோது உடம்பு அதை மறக்கவே இல்லை என்று தெரிந்தது. மறுநாள் தோள்பட்டை வலியில் சப்பாத்தி தேய்க்க முடியவில்லை என்பது வேறு விஷயம்.

ஸ்டெல்லா சும்மா விடவில்லை. ஆஸ்பத்திரி டீமில் ஆடுகிறவள், அவளிடம் நல்ல பந்து இருந்தது. நெட்டுக்கு நம் வீட்டுத் துணி காயப்போடுகிற கயிற்றை இரண்டு கம்பத்தில் கட்டினோம். சைட் கல்லைத் தொடவே இல்லை, பிடுங்கினால் போலீஸ் கேஸ் ஆகும் என்று சந்திரசேகர் சார் பயமுறுத்தி வைத்திருந்தார். அதனால் கல்லுக்கு நடுவிலேயே ஆட்டக் கோர்ட் போட்டோம். அவர்கள் அளந்து நட்டிருந்த ஒரு சைட் எங்களுக்கு அப்படியே எல்லைக் கோடாக அமைந்தது. முதல் நாள் நானும் அவளும் அவள் பெண்ணும். அடுத்த நாள் லட்சுமிதேவம்மா வந்தாள். நம் வரிசையிலேயே இரண்டு வீடு தள்ளி, பூதிகோட்டைப் பக்கம் விவசாயக் குடும்பம், மகனோடு வந்து இருக்கிறவள். வீட்டில் கன்னடமும் தெலுங்கும், நம்மிடம் தமிழ். முழங்கால் வலி என்று ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவள், நான் ஒரு பந்தைக் கோட்டை விட்டதும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள். "ஏனம்மா, அது பூசணிக்காயா இப்படி பயந்து பிடிக்கிறே? கொடு இங்கே!" அவள் கைக்குப் போன பந்து கீழே விழுந்து நான் பார்த்ததில்லை. மூட்டை தூக்கிப் பழகின கை.

ஒரு மாதத்துக்குள் சாயங்காலம் ஆனால் தெருவே காலி. சுடிதார், சேலை, நைட்டிமேல் துண்டு என்று எப்படி இருந்தாலும் வந்து நின்றார்கள். ரயிலில் வருகிற பெண்கள் வீட்டுக்குப் போய் காபிகூடக் குடிக்காமல் நேராக வந்தார்கள். சுரங்கக் கழிவு மண்ணைக் கொட்டிவைத்த சயனைடு மேட்டுப் பக்கமிருந்து காற்று வீசினால் கண்ணெல்லாம் தூசி. கண்ணைக் கசக்கிக்கொண்டே ஆடுவோம். ஆட்டம் முடிந்தால் அந்தக் கல்லின்மேலேயே உட்கார்ந்து பேச்சு. அங்கேதான் எந்த வீட்டுக்குக் காத்தா வரவில்லை, யாரிடம் ஹரீஷ் என்ன சொல்லியிருக்கிறார் என்பதெல்லாம் வெளியே வந்தது. ஒவ்வொரு வீட்டிலும் "உங்க ஒருத்தர் வேலைதான் பாக்கி, பேசாம இருங்க, முடிச்சுத் தர்றேன்" என்று சொல்லியிருக்கிறார். தனித்தனியாகப் பயந்துகொண்டிருந்த விஷயத்தை எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து கேட்டபோது அது பெரிய தமாஷாகிவிட்டது. லட்சுமிதேவம்மா சிரித்துச் சிரித்துக் கல்லிலிருந்து வழுக்கி விழுந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் சைட் பார்க்கக் கார்கள் வர ஆரம்பித்தன. ஒரு சனிக்கிழமை பெங்களூரிலிருந்து ஒரு கணவன் மனைவி. இறங்கி, கையில் இருந்த காகிதத்தையும் எங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். "இங்கே சைட் இருக்குன்னாங்களே, எது?" என்று அந்தம்மா கேட்டாள். "நான் நிக்கிறேனே, இதான் உங்க சைட்டு. அந்தக் கயிறு கட்டியிருக்குதே, அங்க உங்க ஹால் வரும்" என்றாள் ஸ்டெல்லா. நான் கிட்டே போய் மரியாதையாகவே சொன்னேன்: "இது பார்க்குங்கம்மா. பிளான்ல அப்டித்தான் கீது, கோலார் ஆபீஸ்ல கேட்டுப் பாருங்க. அதுக்கு மேல நீங்க வாங்கினாலும் எங்களுக்குப் பரவால்ல. நாங்க தெனமும் ஆட வருவோம், நீங்க டீ மட்டும் போட்டுக் குடுத்துடுங்க." அந்தம்மா சிரித்துவிட்டாள். அவள் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை, காரைத் திருப்பினார். போகிற காரின் ஜன்னலிலிருந்து அந்தம்மா எங்களுக்குக் கையாட்டிக்கொண்டே போனாள்.

இரண்டு மூன்று கார் இப்படித் திரும்பியதும் ஹரீஷே வந்தார். ஆட்டத்தை நிறுத்திவிட்டு எல்லாரும் நின்றோம். முகத்தில் சிரிப்பு இருந்தது, ஆனால் அது பழைய சிரிப்பு இல்லை. "ஆண்ட்டி, உங்க வயசுக்கு இதெல்லாம் வேணுமா? விழுந்து கைகால் ஒடஞ்சா யார் பாக்கிறது?" என்றார். "நர்ஸ் கூடவே கீறா" என்றேன். "இல்ல ஆண்ட்டி, உங்க காத்தா ஃபைல் இப்பதான் மூவ் ஆச்சு. நடுவுல இப்படி எல்லாம் பண்ணா, ஆபீஸ்ல எனக்கும் சொல்ல முடியாது, லேட் ஆயிடும்" என்றார். எனக்குப் பயம் வந்துவிட்டது கண்ணு, மறைக்க மாட்டேன். நம் வீட்டைப் பார்த்தேன். ஜன்னலில் அப்பா நின்றுகொண்டிருந்தார். பிறகு என்னைச் சுற்றி நின்றவர்களைப் பார்த்தேன். அத்தனை பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஹரீஷ், நீ கட்டுன வீட்டுல ஒரு கொறையும் இல்ல. மழைக்கு ஒரு சொட்டு ஒழுகல. யார் கேட்டாலும் அதச் சொல்லுவேன்" என்றேன். "ஆனா காத்தா வேணும்னா நாங்களே முனிசிபாலிட்டிக்குப் போறோம். நாளைக்கே போறோம், எல்லாருமே போறோம். நீ எங்களுக்கோசரம் சிரமப்படாதே." இதைச் சொல்கிறவரை 'நாளைக்கே போறோம்' என்பது என் திட்டத்தில் இல்லை. வாயில் வந்துவிட்டது. ஹரீஷ் குரலை இறக்கி, "எனக்கும் பார்ட்னர் பிரஷர் ஆண்ட்டி. நான் ஒருத்தன் முடிவு பண்றதில்ல" என்றார். அது பொய்யாகத் தெரியவில்லை. பாவமாகக்கூட இருந்தது. "அப்ப உன் பார்ட்னரையும் ஒரு நாள் கூட்டினு வா, நாங்களே பேசறோம்" என்றேன். அவர் போனதும் ஸ்டெல்லா என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டாள். என்னைத் தூக்குவதென்றால் எவ்வளவு வேலை என்று உனக்குத் தெரியும்.

வாயில் வந்தது வந்துவிட்டது, மறுநாள் போகத்தானே வேண்டும்? ஸ்டெல்லா லீவு போட்டாள். லட்சுமிதேவம்மாவின் மகன் வேன் கொண்டுவந்தான். சந்திரசேகர் சார் இஸ்திரி போட்ட சட்டையோடு முன் சீட்டில் உட்கார்ந்தார். வேன் கிளம்புகிற நேரத்தில் அப்பா வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்து, என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார். "ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்தா கால் வலிக்குது" என்றார். முனிசிபாலிட்டியில் இத்தனை பேரை ஒன்றாகப் பார்த்த கிளார்க் முதலில் வேறு ஏதோ போராட்டம் என்று நினைத்துவிட்டார். விஷயத்தைச் சொன்னதும், இதற்கு லேஅவுட்காரர் வரவேண்டிய அவசியமே இல்லையே, உங்கள் கிரயப் பத்திரமும் வரி ரசீதும் போதுமே என்றார். அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். அலைச்சல் இருந்தது, இல்லாமல் இல்லை. ஆனால் கோடை முடிவதற்குள் வீடு வீடாகக் காத்தா வந்து சேர்ந்தது. பயம் போன வேகத்தைச் சொல்ல வேண்டும். பால் வாங்கப் போனவர்கள் எல்லாம் கூட்டத்துக்கு முதல் ஆளாக வந்து நாற்காலி போட்டார்கள்.

பார்க் விஷயம் கோலாரில் விசாரணைக்கு வந்தது. நாங்களும் போனோம், ஹரீஷின் வக்கீலும் வந்தார். அந்த இடம் எந்த உபயோகமும் இல்லாமல் முள் மண்டிக் கிடக்கிறது, யாரும் அதைப் பார்க்காகப் பயன்படுத்துவதே இல்லை, வேறு ஒரு மூலையில் பார்க்குக்கு இடம் தருகிறோம் என்று அவர் வாதம். அவர் சொன்ன மூலை மழைத் தண்ணீர் ஓடுகிற கால்வாய். அதிகாரி எங்கள் பக்கமும் கேட்டுவிட்டு, நேரில் வந்து பார்க்கிறேன் என்றார். எந்த நாள், என்ன நேரம் என்று எதுவும் சொல்லவில்லை.

அவர் வந்தது ஒரு புதன்கிழமை சாயங்காலம். எங்களுக்குத் தெரியாது. நம் தெருவுக்கும் பின்தெருவுக்கும் மேட்ச் மும்முரமாகப் போய்க்கொண்டிருந்தது. லட்சுமிதேவம்மா ஓங்கி விட்ட பந்து கோட்டைத் தாண்டிப் போய், ஜீப்பிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த ஒருவரின் மார்பில் பட்டது. அவர் தடுமாறி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "கேட்ச்!" என்று பின்தெரு டீம் கத்தியது. அதிகாரி என்று முதலில் கண்டுகொண்டவர் அப்பாதான். ஓடிவந்து என் காதில் சொன்னார். லட்சுமிதேவம்மா, "அய்யோ தேவ்ரே, ஆபீசரை அடிச்சிட்டேன்" என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவர் பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுற்றிலும் பார்த்தார், கல், கயிறு, நாங்கள், நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கிற ஆண்கள். பிறகு கன்னடத்தில், "யார் சர்வீஸ்?" என்று கேட்டார். அவர் எறிந்த பந்து நெட்டைக்கூடத் தொடவில்லை. யாரும் சிரிக்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றோம், கடைசியில் அவரே சிரித்துவிட்டார்.

உத்தரவு வந்தது. அந்த இடம் பார்க்தான், விற்கக்கூடாது, கல்லை அகற்றி முறைப்படி ஒப்படைக்க வேண்டும், பராமரிப்பை எங்கள் சங்கம் பார்த்துக்கொள்ளலாம். சந்திரசேகர் சார் போர்டிகோவில் நின்று வாசித்தபோது விசில் பறந்தது. ஆனால் கீழே இன்னொரு வரியும் இருந்தது. அதை வாசித்ததும் அவர் குரல் மாறியது. பார்க் என்பது பொதுமக்கள் எல்லாருக்கும் உரியது, லேஅவுட் ஆட்களுக்கு மட்டும் என்று பூட்டி வைக்க முடியாது, லைன் பக்கத்து மதிலில் ஒரு வழி திறந்துவிட வேண்டும் என்று எழுதியிருந்தது.

இத்தனை நாள் ஒன்றாக நின்றவர்கள் அன்றைக்குத்தான் இரண்டாகப் பிரிந்தார்கள். "நாம கஷ்டப்பட்டு வாங்கினது. வெளி ஆளுங்க வந்து அனுபவிக்கிறதா? மதில திறந்தா பாதுகாப்பு என்ன ஆவுறது?" என்று சந்திரசேகர் சாரே கேட்டார். இன்னும் சிலர் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். அப்பீல் போடலாம் என்று பேச்சு. எனக்குப் பதில் வாய் வரை வந்தது. அந்த 'வெளி ஆள்' நான்தானே? ஹரீஷுக்கு எதிரில் வந்த பேச்சு இவர்களுக்கு எதிரில் வரவில்லை. ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போது பின்வரிசையில் அப்பா எழுந்தார். எந்தக் கூட்டத்திலும் அவர் பேசி யாரும் பார்த்ததில்லை. "சார், அந்த மதிலுக்கு அந்தப் பக்கம்தான் என் மாமனார் வீடு" என்றார். "பொண்ணு எடுத்த வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவுல நான் சுவர் வச்சுக்கிட்டு இருக்கேன். இந்த வயசுல மச்சானைப் பாக்க ஊரைச் சுத்திக்கிட்டு போறேன். பார்க்கை விக்கப் பாத்தவரு எல்லாருக்கும் பொதுவான இடத்தை ஒருத்தருக்குன்னு ஆக்கப் பாத்தாரு. நாமளும் அதையே பண்ணிட்டு அவரை ஏன் சார் திட்டணும்?" என்றார். சொல்லிவிட்டு உடனே உட்கார்ந்துவிட்டார். பிறகு லட்சுமிதேவம்மா, "அந்தப் பக்கம் ஆடுற பொண்ணுங்க இருக்காங்களா? பின்தெருக்காரிகளை ஜெயிச்சு ஜெயிச்சு எனக்கு சலிச்சுப் போச்சு" என்றாள். சிரிப்பில் கூட்டம் கலைந்தது. சந்திரசேகர் சாருக்கு உடனே மனசு ஆறிவிடவில்லை, சில நாள் முகம் கொடுக்கவில்லை. ஆனால் மதிலைத் திறக்கும் நாளில் கொத்தனார் பக்கத்தில் நின்று செங்கல் கோணலாக இருக்கிறது என்று அதட்டிக்கொண்டிருந்தது அவர்தான்.

மதில் திறந்த ஞாயிற்றுக்கிழமை கல்லெல்லாம் போய் இடம் அகலமாகக் கிடந்தது. ஹரீஷும் வந்தார், ஒப்படைத்த பிறகு அவருக்கும் நிம்மதியாகத்தான் இருந்திருக்க வேண்டும், இரண்டு பெஞ்ச் கொண்டுவந்து போட்டார். புது வழியில் முதலில் நுழைந்தது உன் மாமா பெண் ரேவதி. அவளுக்குப் பின்னால் லைன் பெண்கள் ஒரு டீமாகவே வந்தார்கள், ஒரே நிற டி-ஷர்ட் போட்டு. மதிலுக்கு அந்தப் பக்கம் இத்தனை மாதமாக எங்கள் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அவர்களும் ஆடிப் பழகியிருக்கிறார்கள், எங்களுக்குத்தான் தெரியவில்லை. "அத்த, ரெடியா?" என்று ரேவதி கேட்டாள். ரெடி என்றேன். அடி என்றால் அப்படி ஒரு அடி. லட்சுமிதேவம்மாவே பந்தைக் கோட்டை விட்டாள். ஸ்டெல்லா மண்ணில் மல்லாந்து படுத்துச் சிரித்தாள். ஒரு பக்கம் உன் மாமாவும் அப்பாவும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, எந்த டீமுக்குக் கைதட்டுவது என்று தெரியாமல் இரண்டுக்கும் தட்டினார்கள். அவ்வளவு மோசமாகத் தோற்று அவ்வளவு சந்தோஷமாக நான் வீட்டுக்கு வந்ததே இல்லை.

அதனால்தான் சொல்கிறேன். சங்கத்துக்குப் போ. சண்டை போடத் தெரியாவிட்டால் பரவாயில்லை, எனக்கும் தெரியாது. எதிர் கதவைத் தட்டி அவர்கள் பெயரைக் கேள். லிஃப்டில் செல்லைப் பார்க்காதே, ஆளைப் பார். மாடி கிடைக்கிறதோ இல்லையோ, கூட நிற்கிறவர்கள் கிடைப்பார்கள். நாளைக்கு நீ ஊரில் இல்லாத நேரத்தில் நித்யாவுக்கு ஒன்று என்றால் கதவைத் தட்டிக்கொண்டு வருகிறவர்கள் அவர்கள்தான். மாடி கிடைத்துவிட்டால், அடுத்த பிளாக்கில் இருக்கிறவர்களையும் மேலே கூப்பிடுங்கள்.

உங்கள் ரிசப்ஷனுக்கு மண்டபம் பார்க்க வேண்டாம் என்று அப்பாவும் நானும் முடிவு செய்துவிட்டோம். பார்க்கிலேயே பந்தல் போடுகிறோம். இரண்டு பக்கத்து ஆட்களும் வருவார்கள், சமையல் லைன் பக்கம், ஐஸ்கிரீம் நம் தெரு. மறுநாள் காலையில் பந்தலைப் பிரித்ததும் ரேவதி டீமோடு மேட்ச் வைத்திருக்கிறோம். நித்யா நல்ல உயரம் என்று போட்டோவிலேயே ஸ்டெல்லா கவனித்துவிட்டாள். பட்டுப்புடவையோடு ஒரு ஜோடி கேன்வாஸ் ஷூவும் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல். நெட்டுக்குக் கிட்டே நிற்க எங்களுக்கு ஆள் இல்லை.

அம்மா